'தி சிக்ஸ்த் சென்ஸ்': பல ஊர்க்காரர்கள் முன்னால் இந்தப் பெயரை எப்படித்தான் சொல்வது?

அரைடிக்கெட் (டப்ளின்) | திங்கள், இரவு 10:42

வணக்கம் மக்களே. சிரிக்கக்கூடாது. சிரித்தாலும் பரவாயில்லை, பதில் போட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் குடியிருப்பில் மாசம் ஒரு படம் போடுகிற சின்னக் குழு இருக்கிறது. பதினஞ்சு பேர் தேறுவோம். டப்ளின்காரர்கள் நாலைந்து பேர், ஒரு போலந்துத் தம்பதி, பிரேசில் பையன் ஒருத்தன், நியூசிலாந்து அம்மா ஒருத்தர், லண்டனிலிருந்து குடிவந்த தாத்தா ஒருத்தர், இன்னும் சிலர், கடைசியில் திருநெல்வேலி சார்பில் அடியேன். இந்த வெள்ளிக்கிழமை என் முறை. நான் எடுத்திருப்பது 1999-இல் வந்த 'தி சிக்ஸ்த் சென்ஸ்'. படம் ஓடுவதற்கு முன்னால் எழுந்து நின்று இரண்டு நிமிஷம் பேச வேண்டும். பேசுவதெல்லாம் பேசிவிடுவேன். பெயர்தான் வாயில் நிற்க மாட்டேன் என்கிறது.

சனிக்கிழமை டிவிடி எடுக்க நூலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மாவிடம் 'சிக்ஸ் சென்ஸ்' இருக்கிறதா என்று கேட்டேன். என் காதுக்கு நான் சரியாகத்தான் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "அதெல்லாம் இப்ப கிடையாதுப்பா, அபராதத்தையே எடுத்தாச்சு" என்றார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்புறம்தான் உறைத்தது. நான் 'சிக்ஸ் சென்ட்ஸ்', அதாவது ஆறு காசு பாக்கி கட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். (இங்கே பொது நூலகங்களில் தாமத அபராதத்தை 2019-லேயே ஒழித்துவிட்டார்கள்.) இன்னும் இரண்டு தரம் சொன்னேன். மூன்றாவது தரம் கூடவே ஆறு விரலையும் காட்டினேன். அது நிலைமையை இன்னும் கெடுத்தது.

கடைசியில் போனில் போஸ்டரைக் காட்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது கேள்வி. டப்ளின்காரருக்குப் புரிகிற மாதிரி சொன்னால் நியூசிலாந்து அம்மாவுக்குப் புரியுமா? பிபிசி மாதிரி பேசினால் பிரேசில் பையன் விழிப்பானே? எந்த ஊர் உச்சரிப்பைப் பிடித்துத் தொங்குவது?


ரீல்பெட்டி (மதுரை) | திங்கள், இரவு 10:51

படத்தை மாத்திருங்க பாஸ். 2009-ல 'அப்'னு ஒரு கார்ட்டூன் படம் வந்துச்சு. ரெண்டே எழுத்து. சோலி முடிஞ்சுது.


மைக்_டெஸ்ட் (சென்னை) | திங்கள், இரவு 11:05

@ரீல்பெட்டி அதுவும் தப்பாது. இங்கிலாந்தின் வடபக்கம் போனால் அதை 'உப்' என்பார்கள். உப்புமா கிண்டப் போகிறோம் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.


கட்டவண்டி (டல்லாஸ்) | செவ்வாய், காலை 4:20

இதுல குழம்ப என்ன இருக்கு? அமெரிக்கப் படம். கதை நடக்கிறது பிலடெல்ஃபியாவுல. அமெரிக்கன் எப்படிச் சொல்றானோ அப்படிச் சொல்லுங்க. டிரெய்லரைப் போட்டு அம்பது தரம் கேளுங்க, அதே மாதிரி சொல்லிப் பாருங்க. நான் வந்த புதுசுல இப்படித்தான் எல்லாத்தையும் பழகினேன். இப்ப யாரும் என்னைத் திருப்பிக் கேக்கறதில்ல.


வாத்தியாரம்மா (திருச்சி) | செவ்வாய், காலை 7:15

அரைடிக்கெட் தம்பி, உங்கள் நாக்கில் குறை ஒன்றும் இல்லை. முதலில் அந்தக் கூச்சத்தை விடுங்கள். முப்பது வருஷம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவள் சொல்கிறேன், அந்தத் தலைப்பு ஆங்கிலேயருக்கே முள்.

'சிக்ஸ்த்' முடிந்து 'சென்ஸ்' தொடங்குகிற இடத்தைப் பாருங்கள். க், ஸ், த், ஸ் என்று நாலு மெய்கள் வரிசைகட்டி நிற்கின்றன. நடுவில் மூச்சு விட ஓர் உயிரெழுத்துகூட இல்லை. நம் மொழியில் மூன்று மெய் சேர்ந்து வருவதே 'வாழ்க்கை', 'பார்த்தேன்' மாதிரி ய், ர், ழ் இவற்றுக்குப் பின்னால் மட்டும்தான். அதோடு தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. நாடு, காசு, பாக்கு, பாட்டு என்று வாலில் ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும். இந்தப் பழக்கத்தில் வளர்ந்த நாக்கு நாலு மெய்யைப் பார்த்ததும் ஒன்றைக் கடாசிவிடுகிறது. நீங்கள் கடாசியது 'த்'. அதனால்தான் ஆறாவது என்பது வெறும் ஆறாகிப் போய், புலன் காசாகிப் போனது.

ஆங்கிலேயர் மட்டும் யோக்கியமா என்றால் இல்லை. பலர் நடுவிலிருக்கும் ஸ்-ஐ விழுங்கி 'சிக்த்' என்பார்கள். லண்டனில் நிறையப் பேருக்கு அது 'சிக்ஸ்ஃப்'. வேகமாகப் பேசும்போது த்-ஐக் கரைத்துவிட்டு, ஸ்-ஐ மட்டும் நீட்டிச் 'சிக்ஸ்ஸ்ஸென்ஸ்' என்று போய்விடுவார்கள். ஆனால் அந்த நீட்டல் இருக்கிறதே, அதுதான் கேட்பவர் காதுக்கு 'இங்கே ஏதோ ஒன்று இருந்தது' என்று சொல்லும் தடயம். நாம் த்-ஐயும் விட்டோம், நீட்டலையும் விட்டோம்.

இன்னொன்று கேளுங்கள். இந்தத் த் அந்தச் சொல்லுக்குப் பிறவியில் வந்ததே இல்லை. பழைய ஆங்கிலத்தில் ஐந்தாவது, ஆறாவது, பன்னிரண்டாவது எல்லாம் 'ட' ஒலியில்தான் முடிந்தன. நாலாவதுக்கும் ஏழாவதுக்கும் இருந்த வாலைப் பார்த்து, பிற்பாடு இவற்றுக்கும் அதே வாலை ஒட்டினார்கள். 1623-இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தொகுத்து அச்சிட்டபோதுகூட ஆறாம் ஹென்றியின் பெயரை 'ஹென்றி தி சிக்ஸ்ட்' என்றே போட்டிருக்கிறார்கள். ஆகவே யாராவது 'சிக்ஸ்ட்' என்றால் அதை மட்டம் தட்ட வேண்டாம். பழைய சொத்து.


அரைடிக்கெட் (டப்ளின்) | செவ்வாய், காலை 8:02

டீச்சர், வயிற்றில் பால் வார்த்தீர்கள். இங்கே என்கூட வேலை பார்க்கிற டப்ளின்காரர் ஒருவர் கிட்டத்தட்ட 'சிக்ஸ்ட்' என்றுதான் சொல்கிறார். நான்தான் காது சரியில்லை என்று நினைத்திருந்தேன்.


பனங்கொட்டை (ஸ்காபரோ) | செவ்வாய், மாலை 5:30

நல்ல இழை. நானும் ரெண்டு சதம் போடுறன். (ஆறு சதம் இல்லை!)

யாழ்ப்பாணத்து ஆக்கள் 'ரொறன்ரோ', 'ரிக்கற்' எண்டு எழுதுறதைப் பாத்துத் தமிழ்நாட்டுச் சிநேகிதர் கனபேர் சிரிப்பினம். ஆனால் அதில ஒரு நியாயம் இருக்கு. எங்கட பேச்சில 'காற்று', 'வெற்றி' எண்டேக்க வாற ற்ற, நாக்கு நுனி பல்லுக்குக் கொஞ்சம் மேல முரசில (உங்கட பேச்சில ஈறு) முட்டி வாற சத்தம். இங்கிலீசில வாற 'ட' சத்தமும் அதே இடத்திலதான். நீங்கள் போடுற 'ட்' நாக்கைப் பின்னுக்கு மடிச்சுச் சொல்லுறது. அதால 'சிக்ஸ்ட்' எண்டு சொல்லப் போறியள் எண்டால் மடிக்காமல் சொல்லிப் பாருங்கோ. ஸ்-உம் அந்த இடத்துக்குக் கிட்டத்தானே பிறக்குது, நாக்கு அலையாது.

மற்றது என்ர மகளின்ர கதை. இஞ்ச பிறந்து வளந்தவள். நான் 'திங்' எண்டு சொல்லுறது பிழையெண்டு திருத்துவாள். பிறகு தன்ர சிநேகிதப் பிள்ளையளோட போனில கதைக்கேக்க 'டிங், டிங்' எண்டு கொண்டு திரிவாள். கேட்டால் அது ரொறன்ரோ ஸ்டைலாம், கரீபியன் ஆக்களிட்டை இருந்து வந்ததாம். தகப்பன் சொன்னால் பிழை, சிநேகிதப் பிள்ளை சொன்னால் ஸ்டைல்.

ஆனால் அவள் சொன்ன ஒரு விசயம் உண்மையிலயே உதவிச்சுது. "அப்பா, பேரைச் சொல்ல முதல் அது படம் எண்டு சொல்லுங்கோ" எண்டாள். நூலகத்தில நீங்கள் படம் எண்டு ஒரு சொல்லு முன்னுக்குப் போட்டிருந்தால் அந்த மனுசி காசைப் பற்றி யோசிச்சே இருக்காது.


ஈப்போ_முருங்கை | செவ்வாய், இரவு 9:10

மலேசியாவுல 'திரீ'ய 'ட்ரீ'ன்னுதான் சொல்லுவோம், மூணுக்கும் மரத்துக்கும் ஒரே சத்தம். யாரும் இதுவரைக்கும் கடையில மூணு கேட்டு மரம் வாங்கிட்டு வந்ததில்ல லா.


கிவிக்காரி (ஆக்லாந்து) | புதன், காலை 6:45

நியூசிலாந்து என்றதும் நுழைந்துவிட்டேன். இங்கே பத்து வருஷமாக நர்ஸ். உங்கள் குழுவில் இருக்கும் அந்த அம்மா சொன்னால் அந்தத் தலைப்பு 'சக்ஸ்த் சின்ஸ்' மாதிரி காதில் விழும், இப்போதே சொல்லிவைக்கிறேன். இவர்கள் 'இ' எங்கள் காதுக்கு 'அ' பக்கம் போய்விடும். 'எ' மேலே ஏறி 'இ' ஆகிவிடும். இவர்கள் 'ஃபிஷ் அண்ட் சிப்ஸ்' சொல்வதை ஆஸ்திரேலியாக்காரர்கள் 'ஃபஷ் அண்ட் சப்ஸ்' என்று கிண்டல் பண்ணுவது ஊரறிந்த கதை.

நான் வந்த முதல் வாரம். சீனியர் ஒருவர் வார்டின் அந்தக் கோடியிலிருந்து 'பிட் டின்' என்று கத்தினார். தகர டப்பா ஏதோ கேட்கிறார் என்று நான் ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன். நிஜத்தில் அவர் சொன்னது 'பெட் டென்', பத்தாம் நம்பர் படுக்கை. தாத்தா அங்கே தண்ணீர் கேட்டுக்கொண்டு கிடக்கிறார், நான் இங்கே டப்பா தேடிக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் கண்டுகொண்டது ஒன்று. நாம் அவர்களை மாதிரிப் பேசத் தேவையில்லை, அவர்கள் பேசுவதைக் கேட்கப் பழகினால் போதும். இரண்டும் வேறு வேறு வேலை. நான் 'சக்ஸ்' என்று சொல்லிப் பார்த்தேன் ஒரு தடவை. நோயாளியே சிரித்துவிட்டார்.


கட்டவண்டி (டல்லாஸ்) | புதன், காலை 7:30

எல்லாம் சரி. ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்கங்கறதுக்காக நாம எப்படி வேணா சொல்லலாம்னு ஆகிடுமா? ஒரு ஸ்டாண்டர்டு வேணும்ல. நான் சொல்றது அமெரிக்க ஸ்டாண்டர்டு.


மைக்_டெஸ்ட் (சென்னை) | புதன், காலை 9:00

@கட்டவண்டி எந்த அமெரிக்கா சார்? நீங்கள் இருக்கும் டெக்சாஸிலேயே பழைய ஆட்கள் வாயில் 'பென்'னும் 'பின்'னும் ஒன்றுதானே? அவர்கள் கணக்கில் இது 'தி சிக்ஸ்த் சின்ஸ்'. நியூசிலாந்து அம்மாவும் டல்லாஸ் தாத்தாவும் பூமியின் இரண்டு மூலையில் இருந்துகொண்டு ஒரே பக்கம் சாய்கிறார்கள்.


கட்டவண்டி (டல்லாஸ்) | புதன், காலை 9:12

சரி, அது உண்மைதான். என் பக்கத்து வீட்டுக்காரர் பேனா கேட்டா நான் இன்னமும் குண்டூசியா பேனாவான்னு ஒரு செகண்டு யோசிப்பேன். இங்க 'இங்க் பென்'னு சேத்துச் சொல்றவங்களே இருக்காங்க.


பனங்கொட்டை (ஸ்காபரோ) | புதன், காலை 9:40

பாத்தியளே! அவையும் முன்னுக்கு ஒரு சொல்லுப் போட்டுத்தான் சமாளிக்கினம். என்ர மகள் கெட்டிக்காரி.


வாத்தியாரம்மா (திருச்சி) | புதன், மாலை 4:30

கட்டவண்டி தம்பி ஸ்டாண்டர்டு என்று ஒரு சொல்லைப் போட்டதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். டீ ஆறினாலும் பரவாயில்லை.

ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் மொழியியல் பேராசிரியர் 2000-இல் ஒரு புத்தகம் எழுதினார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத இருவர் ஒருவரோடு ஒருவர் ஆங்கிலத்தில் பேசும்போது எந்தப் பிழை பேச்சை உடைக்கிறது, எது உடைக்கவில்லை என்று பார்த்தார். நாம் விழுந்து விழுந்து பயிற்சி எடுக்கிற அந்த 'த்' உரசொலியை மாற்றிச் சொன்னாலும் பெரிய நஷ்டமில்லை என்று அவர் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார். நெடில் குறில் வேறுபாடு, வாக்கியத்தில் எந்தச் சொல்லில் அழுத்தம் விழுகிறது என்பது, சேர்ந்து நிற்கும் மெய்களை விழுங்காமல் இருப்பது, இவை முக்கியம் என்றார். அதிலும் நமக்கு வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. மெய்க்கூட்டத்தில் ஒன்றை விழுங்குவதைவிட, நடுவில் ஒரு சின்ன உயிரைச் செருகிச் சொல்வது கேட்பவருக்குக் குறைந்த தொல்லை.

இதைப் படித்த அன்று நான் சிரித்துவிட்டேன். நம் குற்றியலுகரம் இருக்கிறதே! 'காசு', 'பாட்டு' என்னும்போது கடைசி உகரத்தை உதடு குவித்து முழுசாகவா சொல்கிறோம்? அரை மாத்திரை. ஒரு நிழல். அந்த நிழலைக் கொண்டுவந்து 'சிக்ஸ்த்'துக்கும் 'சென்ஸ்'க்கும் நடுவில் வையுங்கள். 'சிக்ஸ்த்(உ) சென்ஸ்'. அடைப்புக்குள் போட்டிருப்பதைக் காதால் கேட்கக்கூடாது, நாக்கு மட்டும் அதில் கால் வைத்துத் தாண்ட வேண்டும். நான் வகுப்பில் மாணவர்களுக்கு 'ஓடைக்கு நடுவில் ஒரு கல்' என்று சொல்வேன். முழு உகரமாக்கி 'சிக்ஸ்த்தூ' என்று நீட்டினால் கல் பாறையாகிவிடும், ஜாக்கிரதை.

அப்புறம் அந்தத் 'த்'. தொல்காப்பியர் பிறப்பியலில் தகாரம் பிறக்கும் இடத்தைச் சொல்கிறார்: மேல்வாய்ப் பல்லின் அடியில் நாநுனி பரந்து ஒற்ற வேண்டும். ஒற்றுதல் என்றால் முழுசாக அடைப்பது. ஆங்கிலத்தில் அதே இடத்தில் அடைக்காமல் ஒரு நூலிடை விட்டு, காற்றைக் கசிய விடுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கசிவும் நமக்குப் புதிதில்லை. 'அது', 'காது' என்று சாதாரணமாகப் பேசிப் பாருங்கள், நடுவில் வரும் து முழுசாக அடைபடாது. தலைப்பின் முதல் சொல்லான 'தி'யில் இருப்பது கிட்டத்தட்ட அதே ஒலி. 'சிக்ஸ்த்'தில் தொண்டை அதிராமல் வெறும் காற்றாக விட வேண்டும். வராவிட்டால் சாதாரணத் தமிழ் த் போடுங்கள். அயர்லாந்தில் பாதிப் பேர் போடுவது அதைத்தான், அங்கே யாரும் உங்களைக் கேட்கப் போவதில்லை.

அழுத்தம் கடைசிச் சொல்லில். 'சென்ஸ்' கொஞ்சம் தூக்கலாக வரட்டும்.


கட்டவண்டி (டல்லாஸ்) | புதன், மாலை 5:02

அம்மா, மரியாதையோட சொல்றேன். உகரம் சேத்துச் சொன்னா 'இஸ்கூலு', 'பஸ்ஸு' மாதிரி இருக்காதா? நாங்க எல்லாம் அதை விடறதுக்குத்தான் படாத பாடு பட்டோம். திரும்ப அதையே செய்யச் சொல்றீங்க.


வாத்தியாரம்மா (திருச்சி) | புதன், மாலை 5:20

தம்பி, 'இஸ்கூலு' என்று சொன்னதற்காக உங்களை யாரோ எப்போதோ கேலி செய்திருக்கிறார்கள். என்னையும் செய்தார்கள், ஹாஸ்டலில். அந்த வலி வேறு, புரிகிறதா இல்லையா என்ற கேள்வி வேறு. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் 'ஃபில்ம்' என்ற சொல்லை எப்படிச் சொல்கிறார்கள் என்று அரைடிக்கெட்டைக் கேளுங்கள்.


அரைடிக்கெட் (டப்ளின்) | புதன், மாலை 5:41

'ஃபிலம்'!!! சத்தியமாக டீச்சர். இங்கே முக்கால்வாசிப் பேர் ல்-க்கும் ம்-க்கும் நடுவில் ஓர் உயிரைப் போட்டுத்தான் சொல்வார்கள். எங்கள் குழுவை நடத்துகிற அம்மாகூட 'ஃபிலம் நைட்' என்றுதான் சொல்கிறார். வந்த புதிதில் கேட்டபோது எனக்குப் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்பது போல இருந்தது.


ரீல்பெட்டி (மதுரை) | புதன், இரவு 7:15

அப்ப நம்ம 'பிலிமு' ஐரிஷ் அக்சென்ட்டா? எங்க ஆச்சி கேட்டா துள்ளிக் குதிச்சிரும்.


சாம்பார்_தத்துவம் (கோவை) | புதன், இரவு 8:00

எல்லாரும் உச்சரிப்பிலேயே நிற்கிறீர்கள். ஆறாவது அறிவு என்பது மனம் என்று தொல்காப்பியர் மரபியலிலேயே சொல்லிவிட்டார். ஆங்கிலேயர் சொல்லும் ஆறாவது புலனும் நம் ஆறாவது அறிவும் ஒன்றா என்பதைத்தான் முதலில் விவாதிக்க வேண்டும். ஓரறிவு உயிர் தொடங்கி


நெறியாளர் | புதன், இரவு 8:04

தனி இழை திறந்திருக்கிறேன். பாக்கியை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வாய், நாக்கு, பல் மட்டும்.


மைக்_டெஸ்ட் (சென்னை) | வியாழன், காலை 10:30

டீச்சர் நாக்கைப் பார்த்துவிட்டார், நான் மைக் பக்கம் சொல்கிறேன். பண்பலையிலும் விளம்பரங்களிலும் குரல் கொடுத்துப் பிழைக்கிறவன்.

பெயர் புரியாமல் போவதற்கு எங்கள் தொழிலில் நாங்கள் பார்க்கிற முதல் காரணம் உச்சரிப்பே இல்லை, வேகம். சொல்பவருக்கு அந்தப் பெயர் ஆயிரம் தரம் தெரியும், அதனால் வாக்கியத்தின் மற்றச் சொற்களைவிட அதை வேகமாகச் சொல்லித் தள்ளிவிடுவார். கேட்பவருக்கு அதுதான் புதிது. வாக்கியத்தில் எல்லாவற்றையும்விட மெதுவாக வர வேண்டியது அதுதான். நாங்கள் பிரதியில் பெயருக்கு முன்னால் ஒரு சாய்கோடு போட்டுக்கொள்வோம். சாய்கோடு வந்தால் அரை நொடி நிற்க வேண்டும். நீங்களும் அட்டையில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்:

இன்றைய ஃபிலிம் / தி சிக்ஸ்த் / சென்ஸ்

இரண்டாவது சாய்கோடு கால் நொடிதான். டீச்சர் சொன்ன கல் அங்கேதான் இருக்கிறது.

அப்புறம், 'ஸ்' நிறைய உள்ள தலைப்பு. கையில் மைக் இருந்தால் நேராக வாய்க்கு முன்னால் பிடிக்காதீர்கள், கன்னத்துப் பக்கம் சற்றே சாய்த்துப் பிடியுங்கள். இல்லாவிட்டால் பாம்பு புகுந்த மாதிரி இரையும். கடைசியாக, பெயரைத் தொடக்கத்தில் ஒரு தரம், முடிக்கும்போது ஒரு தரம். முதல் தரம் தவறவிட்டவர் இரண்டாவதில் பிடித்துக்கொள்வார்.

ஒரு துணைச் சேதி. இயக்குநர் பிறந்தது நம்ம பக்கம் மாஹேயில், 1970-இல். புதுச்சேரி ஆட்சிப் பகுதி. அப்பா மலையாளி, அம்மா தமிழர். ஷியாமளன் என்ற அவர் பெயரை அமெரிக்காவில் 'ஷாமலன்' என்கிறார்கள். ய போயிற்று, ள போயிற்று. அவர்கள் த்-ஐ நாம் விழுங்கினால் மட்டும் நமக்கு இரவு தூக்கம் வருவதில்லை.


கிவிக்காரி (ஆக்லாந்து) | வியாழன், காலை 11:00

அந்தக் கடைசி வரிக்கு என் வார்டு முழுக்கக் கைதட்டல். என் பெயரில் ஒரு ழ இருக்கிறது. பத்து வருஷமாக அது என்ன பாடு படுகிறது என்பதற்குத் தனி இழை வேண்டும்.


அரைடிக்கெட் (டப்ளின்) | வியாழன், இரவு 11:20

ஒரு சோதனை செய்தேன். போனில் பேசினால் எழுதித் தருமே, அதைத் திறந்து வைத்துக்கொண்டு நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

பழைய பாணியில் 'சிக்ஸ்சென்ஸ்': ஆறு காசு என்று எழுதியது. நூலகத்து அம்மா மேல் குற்றமில்லை.
பனங்கொட்டை அண்ணன் சொன்ன மாதிரி நாக்கை மடிக்காமல் 'சிக்ஸ்ட் சென்ஸ்': சரியாக எழுதியது.
டீச்சரின் கல் வைத்துச் 'சிக்ஸ்த்(உ) சென்ஸ்': சரியாக எழுதியது.
என் சொந்த முயற்சியில் பிபிசி மாதிரி: 'சிக் சைன்ஸ்'. நோய்வாய்ப்பட்ட அறிவியல்.

மனைவி உள்ளே இருந்து, "யாருக்கு ஆறு சென்ட்? ஊர்ல நிலம் கிலம் வாங்குறீங்களா?" என்று கேட்டாள்.


வாத்தியாரம்மா (திருச்சி) | வெள்ளி, காலை 6:10

இயந்திரத்தை அப்படியே நம்ப வேண்டாம். அது பாதி காதால் கேட்டு, பாதி ஊகித்து எழுதும். பிரபலமான படமென்றால் ஊகம் உங்கள் பக்கம் சாயும். மனிதர் முன்னால் சொல்லிப் பாருங்கள். உங்கள் மனைவியே நல்ல பரீட்சைதான். அவருக்கு நிலம் கேட்டிருக்கிறது, எனவே இன்னும் கொஞ்சம் மெதுவாக.


அரைடிக்கெட் (டப்ளின்) | சனி, மதியம் 12:35

முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன், சாய்கோடு சகிதம். எழுந்து நின்றேன். 'இன்றைய ஃபிலிம்' என்று தொடங்க வேண்டியவன், பதற்றத்தில் 'ஃபிலம்' என்று சொல்லிவிட்டேன். டப்ளின்காரர்கள் பக்கம் ஒரு சிரிப்பு. நல்ல சிரிப்புதான், 'நம்மாளு' என்கிற மாதிரி. அரை நொடி நின்றேன். 'தி சிக்ஸ்த்' என்றேன், கல்லில் கால் வைத்தேன், 'சென்ஸ்' என்று இறங்கினேன். யார் முகத்திலும் கேள்விக்குறி இல்லை. லண்டன் தாத்தா பக்கத்திலிருந்தவரிடம் 'சிக்ஸ்ஃப் சென்ஸ்' என்று திருப்பிச் சொன்னது காதில் விழுந்தது. நியூசிலாந்து அம்மா அச்சு அசல் 'சக்ஸ்த் சின்ஸ்'தான், கிவிக்காரி அக்கா வாக்குப் பலித்தது. போலந்து அண்ணன் த்-ஐத் தூக்கி எறிந்துவிட்டு ஸ்-ஐ மட்டும் நீட்டினார். அதுவும் எல்லாருக்கும் புரிந்தது.

பிரேசில் பையன்தான் சுவாரஸ்யம். இடைவேளையில் வந்து, நீங்கள் சொன்னது எனக்குத் தெளிவாக விளங்கியது என்றான். அவர்கள் ஊரில் இந்தப் படத்துக்கு 'ஓ சேஸ்து சென்ச்சீது' என்று பெயராம். ஆறாவது என்பதற்கு 'சேஸ்து'! கடைசியில் இருக்கும் அந்தத் து, டீச்சர், நம் 'காது'வில் இருக்கிற மாதிரியே சின்னதாக விழுகிறது. அவர்கள் நாக்கும் மெய்யில் நிற்காதாம். ஆங்கிலச் சொல் மெய்யில் முடிந்தால் நாம் உகரம் போடுகிற இடத்தில் அவர்கள் இகரம் போடுகிறார்கள். 'ஃபேஸ்புக்கி' என்கிறான். நான் 'எங்கள் ஊரில் ஃபேஸ்புக்கு' என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் 'கி', 'கு' என்று சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் போலந்து அக்கா தேநீர்க் கோப்பையோடு நகர்ந்து போய்விட்டார்.

முடிக்கும்போது பெயரை இரண்டாவது தரம் சொன்னேன், மைக் அண்ணன் சொன்னபடி. இந்த முறை சந்தோஷத்தில் வேகமாகச் சொல்லிவிட்டேன். பின்வரிசையில் ஒருவர், "ஆறு காசா?" என்றார்.


மைக்_டெஸ்ட் (சென்னை) | சனி, மதியம் 1:00

சாய்கோடு!!! சாய்கோட்டை எங்கே விட்டீர்கள்?


அரைடிக்கெட் (டப்ளின்) | சனி, மதியம் 1:08

அட்டை சட்டைப்பையிலேயே இருந்தது அண்ணே.

இன்னொரு சிக்கல். அடுத்த மாசத்துக்குக் குலுக்கல் போட்டார்கள். கனடாவிலிருந்து புதிதாக வந்திருக்கிற ஒரு பெண்ணுக்கு வந்தது. அவர் தேர்ந்தெடுத்தது 1978-இல் வந்த ஜாம்பி படம், 'டான் ஆஃப் தி டெட்'. டான் என்றால் விடியல் என்கிற டான். ஆனால் அவர் சொல்வதைக் கேட்டால் தாதா என்கிற டானுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. டப்ளின் ஆட்கள் 'தாதா படமா? யாருடைய தாதா?' என்று கேட்டார்கள். அவர் திரும்பத் திரும்ப அதையேதான் சொல்கிறார். அவர் காதில் இரண்டும் ஒன்றாம்!


பனங்கொட்டை (ஸ்காபரோ) | சனி, மதியம் 1:30

அது இஞ்ச எல்லாருக்கும் அப்பிடித்தான் தம்பி. என்ர மகளுக்கும் ரெண்டும் ஒண்டுதான். நான் 'டோன்' எண்டு நீட்டி விடியலைச் சொன்னால் "ஏன் அப்பா இழுக்கிறியள்" எண்டு கேப்பாள்.


ரீல்பெட்டி (மதுரை) | சனி, மதியம் 1:34

தமிழ்ல எழுதினாலும் ரெண்டும் டான்தானே. இந்த ஒரு வாட்டி கனடாவும் நாமளும் ஒரே கட்சி.


நெறியாளர் | சனி, மதியம் 1:40

டானுக்குப் புது இழை திறக்கவும். டீச்சர், அங்கே முதல் பதிவு உங்களுடையதாக இருக்கட்டும்.


வாத்தியாரம்மா (திருச்சி) | சனி, மதியம் 1:52

வருகிறேன். சாப்பிட்டுவிட்டு.